திண்டுக்கல் சீமை: நீரும் நிலமும் – 9: மலைச்சேறு தரும் சாட்சி

திண்டுக்கல் சமவெளியில் மழை எந்தக் காலத்தில் பெய்தது, எப்போது பொய்த்தது என்று எழுத்துச் சான்றுகளை மட்டும் வைத்துச் சொல்லப் புகுந்தால், இருநூறு ஆண்டுகளைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சீமை கும்பினியார் கைக்கு மாறிய பிறகுதான் விளைச்சலும் வரித் தள்ளுபடியும் ஓரளவு தொடர்ச்சியாக எழுதப்பட்டன. கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வகம் வந்தது 1899இல். அங்கே கருவி வைத்து வானிலையை அளந்த கணக்கும் அதற்குப் பிந்தியதுதான். முந்தைய காலத்துக்குக் கல்வெட்டு இருக்கிறதே என்றால், கல்வெட்டு குளம் வெட்டியதைச் சொல்லும், மடை கட்டியதைச் சொல்லும், நிலம் தானம் விட்டதைச் சொல்லும். வெட்டிய குளம் எத்தனை ஆண்டு நிரம்பியது என்று ஒரு வரி சொல்லாது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இன்றுவரை மக்கள் வாயில் நிற்கிறது. அதற்கு முன் வந்த பஞ்சங்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. இந்தப் பகுதியில் நான் வாதிக்கப்போவது ஒன்றே: பழனி மலையின் உயரத்தில், சதுப்புகளின் அடியில் படிந்து கிடக்கும் கறுத்த சேற்றை இந்தச் சமவெளியின் வரலாற்று ஆவணமாக நாம் ஏற்க வேண்டும். கல்வெட்டைப் படிக்கும்போது எவ்வளவு சந்தேகத்தோடு படிக்கிறோமோ அதே சந்தேகத்தோடு அதையும் படிக்க வேண்டும்.

சேறுதான் வேண்டுமென்றால் கீழே குளங்களுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் குளமும் கண்மாயும் இருக்கின்றன. அவற்றில் பல, நூற்றாண்டுகளைக் கண்டவை. ஆனால் ஒரு கண்மாயின் உள்வாயைச் சித்திரை, வைகாசியில் பார்த்தால் அது ஏன் சாட்சி சொல்ல முடியாது என்பது விளங்கிவிடும். நீர் வற்றிய களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்புக்குள் இந்த ஆண்டுத் தூசும் புல்விதையும் ஒரு முழ ஆழம்வரை இறங்கி, பழைய படிவோடு கலந்துவிடும். மேய வரும் ஆடுமாடு மிதித்துக் கிளறும். காற்றுப் பட்ட இடத்தில் தாவர எச்சம் மக்கிப் போகும். மகரந்தத்தின் ஓடு எவ்வளவு கெட்டியானாலும், ஆண்டுதோறும் நனைந்து காய்ந்தால் அதுவும் சிதைந்துவிடும். இவை போதாதென்று, வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பது நம் விவசாயிகளின் நெடுநாள் வழக்கம். குளத்துக்கும் நல்லது, நிலத்துக்கும் நல்லது. ஆனால் வரலாற்றுக்கு வேண்டிய அடுக்கு வண்டியேறிப் போய்விடுகிறது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட குளம் எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை.

மேலே நிலைமை வேறு. திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டுகிறது. மேல் பழனி மலையின் வந்தரவு சிகரம் 2,500 மீட்டருக்கும் மேல். மார்கழி, தை மாதங்களில் அங்குள்ள பள்ளங்களில் இரவு உறைபனி விழும். இரண்டு புல்மேடுகளுக்கு இடையே தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கி நின்று, ஆண்டு முழுவதும் ஈரம் காயாமல், குளிரும் சேர்ந்துகொண்டால், விழுந்த இலையும் வேரும் முழுதாக மக்குவதில்லை. பாதி மக்கிய நிலையில் கறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். உலகில் குளிர்ந்த மலைப்பகுதி ஏரிகளும் சதுப்புகளும் காலநிலை ஆய்வாளர்களை ஈர்ப்பது இதனால்தான். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்துச் சோ மொரிரி, சோ கார் ஏரிகளில் துளையிட்டுப் பருவமழையின் பழங்கதையைத் தேடியிருக்கிறார்கள். சுவீடனில் கெரார்ட் டி கீர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பனியாறு உருகிய நீர் ஏரியில் கோடையில் படியவிட்ட பருமணலையும் குளிர்காலத்தில் படியவிட்ட மென்களிமண்ணையும் ஜோடி ஜோடியாக எண்ணி, ஆண்டுக் கணக்கே போட்டுக் காட்டினார். பழனி மலையில் பனியாறு கிடையாது. ஆகவே அப்படி எண்ணத்தக்க வரிகளும் கிடையாது. இங்கே படிவு மெதுவானது, வரியற்றது.

எந்த ஏரி என்பதிலும் கவனம் வேண்டும். சுற்றுலாப் பயணிகள் படகு விடும் கொடைக்கானல் ஏரி, 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். அதன் அடிச்சேற்றுக்கு வயது நூற்றி அறுபது சொச்சம். பழங்காலத்தைப் பற்றி அது வாய் திறக்காது. அண்மைக்காலத்தைப் பற்றி நன்றாகவே பேசும். 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் அந்த ஏரியின் சேற்றிலும் நீரிலும் மீன்களிலும் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பேரிஜம் ஏரியும் இன்றைய வடிவில் மனிதர் கட்டியதுதான், ஆனால் அது ஒரு பழைய சதுப்பின் மேல் நிற்கிறது. 1860களில் இந்த மலைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதிய டக்ளஸ் ஹாமில்டன், அந்த இடத்தில் முன்பு பெரிய ஏரி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றே கருதினார். நமக்கு வேண்டிய ஆழமான சேறு கூக்கால் ஏரியிலும் மரியன் சோலைப் பகுதிச் சதுப்பிலும் கிடைத்தது.

சேற்றைப் படிக்கும் முறை இரண்டு. ஒன்று மகரந்தம். சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் 1916இல், சதுப்பின் ஒவ்வொரு மட்டத்திலும் எந்தத் தாவரத்தின் மகரந்தம் எத்தனை பங்கு என்று எண்ணிப் படமாக வரைந்து காட்டியதிலிருந்து இது ஒரு துறையாயிற்று. துளைக்குழாயைச் சதுப்பில் செங்குத்தாக இறக்கி, உருவி, நீளவாக்கில் பிளந்து, சிறு சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் அமிலத்திலும் காரத்திலும் கழுவி, எஞ்சுவதை நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவார்கள். புல்லின் மகரந்தம் உருண்டையாக, ஒற்றைத் துளையோடு இருக்கும். சோலை மரங்களுடையது வேறு வேறு வடிவம். இந்த எண்ணிக்கையிலும் ஓரவஞ்சனை உண்டு. காற்றில் தூவும் புல் தன் மகரந்தத்தைக் கொட்டித் தீர்க்கும். பூச்சியை நம்பும் சோலை மரமோ கஞ்சத்தனமாக விடும். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்று அடிவாரக் காட்டின் மகரந்தத்தையும் கொண்டுவந்து போடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் மகரந்தத்தை வைத்து ஆண்டையே கணக்கிட்டுவிடலாமே என்ற ஆசை எவருக்கும் எழும். வீண் ஆசை. ஒரு விரற்கடைச் சேற்றுக்குள் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன; எத்தனையோ குறிஞ்சிப் பூப்புகள் ஒரே கறுப்பாகிவிட்டன.

இன்னொரு முறை கரியின் எடையைப் பார்ப்பது. ஆத்தூர்ப் பக்கத்து நெல், ஆயக்குடிக் கொய்யா, மலைப் பீன்ஸ், சோலை மரங்கள் எல்லாம் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் வழி ஒன்று. அவற்றைச் சி3 என்பார்கள். வேடசந்தூர்ச் சோளமும் கம்பும் கரும்பும் வெப்பநாட்டுப் புற்கள் பலவும் வேறு வழியில் எடுக்கின்றன, அவை சி4. வறட்சியையும் வெயிலையும் தாங்குவதில் சி4 கெட்டிக்காரக் கூட்டம். காற்றிலுள்ள கரியில் சாதாரணக் கார்பன் 12உம், சற்றுக் கனமான கார்பன் 13உம் உண்டு. சி3 தாவரம் கனமானதை அதிகம் ஒதுக்கும். சி4 அவ்வளவாக ஒதுக்காது. உலக அளவுகோலோடு ஒப்பிட்டால் சி3 தாவரத்தின் உடலில் கார்பன் 13 ஆயிரத்துக்கு ஏறத்தாழ 27 பங்கு குறைவாகவும், சி4இல் 12 அல்லது 13 பங்கு குறைவாகவும் இருக்கும். செடி செத்து மக்கினாலும் இந்த வேறுபாடு பெரும்பாலும் அழிவதில்லை. ஆகவே சேற்றின் ஒரு துண்டை எரித்து, வரும் வாயுவை அளந்தால், அந்தத் துண்டு படிந்த காலத்தில் பள்ளத்தைச் சுற்றி ஈரத்தை விரும்பும் தாவரங்கள் மிகுந்திருந்தனவா, வறட்சி தாங்கும் புல் மிகுந்திருந்ததா என்று தெரியும். மகரந்தத்தில் ஒரு புல்லை மற்றொரு புல்லிலிருந்து பிரிப்பது கடினம் என்பதால் இரு முறைகளும் ஒன்றுக்கொன்று துணை.

இந்த முறையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த முதல் பெரிய விடை நீலகிரியிலிருந்து வந்தது. லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் விஷ்ணு மித்ரேயும் எச்.பி. குப்தாவும் சோலையின் தோற்றத்தைத் தேடி அங்கே மகரந்தம் எண்ணி 1971இல் எழுதினார்கள். ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாச் சதுப்பைப் பற்றி ஜி. வசந்தி 1988இல் எழுதினார். 1993இல் ராமன் சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் கார்பன் 13 கணக்கை வெளியிட்டனர். அதன்படி, வடக்கே பனிப்பாறைகள் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் நீலகிரி உச்சி வறண்டு, சி4 புல் மேலோங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்து, சி3 தாவரங்கள் பரவின. சுமார் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு ஈரக்காலம். 1997இல் இதே வரிசை ஆய்வு 40,000 ஆண்டுவரை நீண்டது. இடையில் வந்த அந்த நீண்ட வறட்சிக்குள்தான், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மேகாலயாவின் மாம்லூ குகைக் கற்கூம்பில் பதிவான வறட்சியும் விழுகிறது. புவியியலாளர்கள் 2018இல் அதை எல்லைக்கல்லாக வைத்து, அதன் பிந்தைய காலத்துக்கு ‘மேகாலயன்’ என்றே பெயர் சூட்டினார்கள்.

பழனி மலைக்கு வருவோம். மரியன் சோலையின் படிவுகளை எஸ்.கே. பேரா, அஞ்சும் ஃபரூக்கி, எச்.பி. குப்தா ஆகியோர் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். பனியுகத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து அங்கிருந்த தாவரங்களின் கதை அதில் இருக்கிறது. கூக்கால் ஏரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஹேமா அச்யுதன், வி. ராஜமாணிக்கம் குழுவினர் எடுத்த படிவு சுமார் 9,000 ஆண்டுகளைத் தொட்டது. வேதியியலும் மகரந்தமும் சேர்ந்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. 1,900 மீட்டரை ஒட்டிய உயரத்தில், பூம்பாறையைத் தாண்டிய அந்த ஊரின் ஏரி எல்லாக் காலத்திலும் ஏரியாக இருந்ததில்லை, சதுப்பாகவும் கிடந்திருக்கிறது. குழாயிலிருந்து வெளிவரும் படிவிலேயே இந்த மாற்றம் வெளிப்படும்: சதுப்பாகக் கிடந்த காலத்தில் நாரும் வேருமாகக் கறுத்த சேறு, நீர் நின்ற காலத்தில் நயமான களிமண். கரிக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதமும் பேசும். கரைத் தாவரங்கள் உள்ளே விழுந்து சேர்ந்தால் அந்த விகிதம் உயரும், நீர்ப்பாசி மிகுந்தால் தாழும். திண்டுக்கல் மாவட்டத்தின் எல்லைக்குள், நம் ஆறுகள் பிறக்கும் மலையிலேயே, ஒன்பதாயிரம் ஆண்டு ஆவணம் ஒன்று கிடைத்துவிட்டது. ஆனால் நம் உள்ளூர் வரலாற்று நூல்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, புல் பெருகியதற்கு வறட்சிதான் காரணமா என்பது. பனியுக உச்சத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 190 பங்கு அளவுக்கே இருந்தது. கரியமில வாயு குறைந்தால் சி3 தாவரம் திணறும், சி4 பிழைத்துக்கொள்ளும். அப்படியானால் மழை குறையாமலே புல் பெருகியிருக்கலாமே? நியாயமான கேள்வி, பனியுகத்தைப் பொறுத்தவரை அதை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய கட்டத்துக்கு இந்த விளக்கம் செல்லாது. அப்போது கரியமில வாயு 260, 270 பங்கு அளவுக்கு ஏறியிருந்தது, ஏற்ற இறக்கமும் சொற்பம். அப்படியிருந்தும் சி4 புல் திரும்பி வந்தது. வாயு மாறாமல் புல் மாறினால், மழையைத்தான் குற்றம் சாட்ட வேண்டும். சமவெளியின் வரலாற்றுக்கு நமக்கு வேண்டியது இந்தப் பிந்தைய கட்டம் என்பதால், ஆட்சேபம் நம் வாதத்தின் ஓரத்தைத்தான் உரசுகிறது.

இரண்டாவது ஆட்சேபம், மனிதன் தீ வைத்துக் காட்டை அழித்ததால் புல் வந்தது, இதில் காலநிலைக்கு என்ன வேலை என்பது. இது வெறும் கல்விச் சண்டையாக நிற்கவில்லை. மலையின் தலைவிதியையே மாற்றிய கருத்து. மேல் பழனியின் புல்வெளிகள் பாழாய்ப் போன காட்டின் மிச்சம் என்று நம்பியவர்களுக்கு, அங்கே மரம் நடுவது புண்ணியம் என்று தோன்றியது. வாட்டில், பைன், யூகலிப்டஸ் எல்லாம் அப்படித்தான் ஏறின. பழனி மலைப் புல்வெளி நாற்பதாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு கணக்கிட்டது. விழுங்கியவை தோப்பு மரங்களும் விவசாயமும். ஆனால் சேறு சொல்வது என்ன? பதினெட்டாயிரம், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த உயரங்களில் புல் இருந்தது. இம்மலைகளில் மனிதர் நிலையாக வாழ்ந்ததற்கு நாம் காட்டக்கூடிய பழைய அடையாளம் கீழ்ப் பழனியின் கல்திட்டைகள். செண்பகனூரில் இருந்த ஏசு சபைத் துறவி ஆங்லேட், நியூட்டனுடன் சேர்ந்து அவற்றை அளந்து எழுதிய நூல் 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. அந்தக் கல்திட்டைகள் பெருங்கற்காலத்தவை. எவ்வளவு பின்னோக்கித் தள்ளினாலும் மூவாயிரம் ஆண்டு பக்கம்தான். பதினைந்தாயிரம் ஆண்டு மூத்த புல்லுக்கு அவர்கள் பொறுப்பாக முடியாது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் மேய்ச்சலும் தீயும் புல்லின் எல்லையை நகர்த்தியிருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை; புல்லைப் பிறப்பித்தவன் மனிதன் என்பதைத்தான் சேறு மறுக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது, எளிதில் தள்ள முடியாதது. நீலகிரிச் சேறு தென்மேற்குப் பருவமழையின் கணக்கு. திண்டுக்கல் சமவெளியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் சொச்சம், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்கு மழை. ஆடிக்காற்று இங்கே புழுதியைத்தான் கொண்டுவரும். இரு பருவங்களும் சேர்ந்தே கூடிச் சேர்ந்தே குறையும் என்ற விதி கிடையாது. பசிபிக் கடல் வெப்பமுறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மழை தளர்ந்தும் வடகிழக்கு மழை வலுத்தும் இருப்பதை இக்காலக் கணக்கிலேயே காண்கிறோம். அப்படியிருக்க, நீலகிரியில் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் வறட்சி என்பதால் வேடசந்தூரிலும் வறட்சி என்று எழுதினால் அது வரலாறு ஆகாது, ஊகம். இதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நீலகிரி முடிவுகளை எடுத்து இங்கே ஒட்டவைக்கும் கட்டுரைகள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் இந்த ஆட்சேபம் கூக்காலின் மதிப்பை உயர்த்துகிறது. பழனி மலை மேற்குத் தொடர்ச்சியிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை. மேல் முகட்டைத் தென்மேற்கு மழையும் எட்டும், கோடை மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் நன்றாகப் பெய்யும். அந்த மலையில் விழுந்த நீர்தான் பொருந்தலாறாகவும் வரதமாநதியாகவும் பழனிப் பக்கம் இறங்குகிறது. மருதாநதியாகவும் மஞ்சளாறாகவும் வைகையை நோக்கிப் போகிறது. குடகனாற்றுக்கு நீர் கொடுத்து, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் வழியாகத் திண்டுக்கல் நகரத்தின் குடத்துக்கும் வருகிறது. சமவெளியில் நேரடியாக விழும் மழையை நம்பியது மானாவாரி. குளத்துப் பாசனம் மலையை நம்பியது. கூக்கால் சேறு மானாவாரிச் சோளத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. மலைச் சரிவில் நீர் எவ்வளவு தங்கியது, எந்த நூற்றாண்டுகளில் அது சுருங்கியது என்பதைச் சொல்லும். ஆற்று நீரால் நிரம்பிய அடிவாரக் குளங்களின் வரலாற்றுக்கு அதுவே போதிய அடிப்படை. எந்தப் பருவத்து மழை என்று பிரித்துக் காட்டச் சேற்றால் முடியாது. எவ்வளவு ஈரம் என்றுதான் சொல்லும். பயன்படுத்துகிறவர்கள் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும்.

நான்காவது, காலக்கணக்கு. வில்லர்ட் லிபி 1949இல் முறைப்படுத்திய கதிரியக்கக் கார்பன் வழிதான் சேற்றுக்கும் வயது சொல்கிறது. கார்பன் 14 பாதியாகத் தேய 5,730 ஆண்டு பிடிக்கும். சதுப்பில் இதற்கு இரண்டு பகைவர்கள். மேலிருந்து இறங்கும் இளவேர் பழைய அடுக்குக்குள் புதிய கரியைச் செருகி வயதைக் குறைத்துக் காட்டும். மழை அடித்துக்கொண்டு வரும் சரிவின் பழைய மண் வயதைக் கூட்டிக் காட்டும். நல்ல ஆய்வாளர்கள் பல ஆழங்களில் வயது பார்த்து, ஒழுங்காக ஏறுகிறதா என்று சரிபார்ப்பார்கள். அப்படியும் பத்தாண்டுகளும் நூற்றாண்டும் முன்பின் ஆகும். ஆகவே தாது வருஷப் பஞ்சத்தையோ வேறு எந்தத் தனி ஆண்டையோ சேற்றில் தேடக்கூடாது. ஆண்டுக் கணக்கு வேண்டுமானால் மரத்தின் வளையத்தைப் பார்க்க வேண்டும். கேரளத் தேக்கு மரங்களின் 523 ஆண்டு வளையங்களை எண்ணிப் பருவமழை பொய்த்த ஆண்டுகளைக் காட்டும் ஆய்வு 2010இல் வந்தது. சேறு பேசுவது நூற்றாண்டுகளின் போக்கை.

இந்த நிச்சயமின்மையைக் காட்டிச் சேற்றைத் தள்ளுகிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். பழனிக்கு அருகே பொருந்தலில் 2009–10இல் கா. ராசன் தலைமையில் நடந்த அகழாய்வில், கல்லறை ஒன்றில் நாற்கால் சாடி நிறைய நெல் கிடைத்தது. அந்த நெல்லுக்கு கி.மு. 490 என்று வயது வந்ததைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்த வயதைச் சொன்னதும் இதே கார்பன் 14தான். சொல்லப்போனால் அந்த வயதில்தான் சிக்கல் கூடுதல்: கி.மு. 800க்கும் 400க்கும் இடையே கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோடு ஏறக்குறைய தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எதுவும் ஒரே மாதிரி வயது காட்டும். நெல்லுக்கு ஏற்றுக்கொண்ட முறையைச் சேற்றுக்கு மட்டும் மறுப்பது நேர்மையாகாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும்.

இப்படி நிறுத்துப் பார்த்தால் நம் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை மாறுகிறது. ‘வெள்ளைக்காரன் மலையை மொட்டையடித்தான், காபி போட்டான், அதோடு மழை போயிற்று’ என்பதே அந்தக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழ்ப் பழனியின் சரிவுகளில் காடு வெட்டப்பட்டதும் காபி ஏறியதும் உண்மை. மண் அரித்து ஓடைகள் தூர்ந்திருக்கும், கோடை ஊற்றுகள் சுருங்கியிருக்கும் என்பதையும் ஏற்கலாம். ஆனால் மழையின் பெரிய ஏற்ற இறக்கம் கோடரி வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முன்பிருந்தே நடந்துவந்திருக்கிறது. வறட்சி இந்தச் சமவெளிக்கு நேற்று நேர்ந்த விபத்து என்ற எண்ணத்தைக் கைவிட்டால்தான், இத்தனை குளங்களை முன்னோர் ஏன் இத்தனை நெருக்கமாக வெட்டினார்கள் என்பதும் புரியும்: மழை எப்போதுமே நம்பத்தகாதது என்று தெரிந்தவர்கள் கட்டிய ஏற்பாடு அது.

அப்படியானால் இயற்கை தன் போக்கில் மாறுகிறது, நாம் என்ன செய்தாலும் ஒன்றுதானே என்று இதிலிருந்து ஒரு முடிவை இழுப்பார்கள், இழுக்கிறார்கள். சேற்றின் சாட்சி அதற்கு இடம் தரவில்லை. இயல்பாகவே ஊசலாடும் மழையை நம்பியிருக்கும் நாட்டில், மலையின் நீர்ப்பிடிப்பைக் கெடுப்பது இன்னும் பெரிய குற்றம். சேறு காட்டும் குற்றவாளி காபித் தோட்டக்காரனோடு நிற்கவும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு புல்வெளியில் வாட்டிலும் பைனும் நட்ட நம் சொந்தத் திட்டங்களும் கூண்டில் நிற்கின்றன.

கொடைக்கானல் மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு 2013இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு உள்ளேயும் வெளியேயும் சிறு சிறு சதுப்புகள் பல இருக்கின்றன. வடிகால் வெட்டி ஈரத்தை வெளியேற்றிக் காய்கறி போட்டால், இரண்டே கோடையில் காற்றுப் புகுந்து, கறுத்த சேறு மக்கிப் பொடியாகிவிடும். ஒன்பதாயிரம் ஆண்டுப் படிவை மறுபடி உண்டாக்க எவராலும் முடியாது. கல்வெட்டுள்ள பாறையை உடைத்தால் வழக்குப் போட நம்மிடம் சட்டம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் இந்தச் சதுப்புகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, அவற்றையும் தொல்லியல் சின்னங்களுக்கு இணையாகப் பதிவு செய்ய வேண்டும். மலையில் நிலம் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் நிலத்துச் சதுப்பில் வடிகால் வெட்டுவதற்கு முன், பல்கலைக்கழகப் புவியியல் துறை ஒன்றுக்கு ஒரு கடிதமாவது போடுங்கள். அடுத்த பகுதியில் மலையிலிருந்து இறங்கிப் பொருந்தலாற்றங்கரைக்குப் போகிறோம். சாடியில் இருந்த அந்த நெல் எந்த நீரில் விளைந்திருக்கும் என்பதைப் பார்ப்போம்.